அடியிலை

உப்புப் போக அலசிய தென்னை நார்த்தூளில் மணலைச் சேர்த்து, வீட்டம்மா தன் கையால் கலந்து நிரப்பிய தொட்டியில் மிளகாய் நாற்று நின்றது.

"பசிக்குது அண்ணே."

"என்கிட்ட தண்ணி மட்டும்தான் இருக்கு, தங்கச்சி," என்றது நார்த்தூள். "அலசுனதுல எல்லாமே போயிருச்சு. நீ வாடினா அவங்களே உரம் ஊத்துவாங்க. பொறுத்துக்கோ."

ஆனால் உச்சிக் குருத்து பசியில் அழுதது. நாற்று தன் அடியிலையின் பச்சையை உறிஞ்சி அதற்கு ஊட்டியது. அடியிலை பழுத்து உதிர்ந்தது.

உரப்புட்டியோடு வந்த வீட்டம்மா தளிரைப் பார்த்துப் பூரித்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க, எதுவுமே போடாம எப்படித் துளிர்க்குது!"

புட்டியைத் திறக்காமலே உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

"வாடிக் காட்டியிருக்கலாமே, தங்கச்சி."

"குருத்து அழுதுச்சே அண்ணே."

குருத்து மறுபடியும் அழத் தொடங்கியது. நாற்று அடுத்த இலையைக் குனிந்து பார்த்தது.