திறக்காத ஒருவர்

மீரிமின் போனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார் ஒரோஸ்பெக், செத்த எலியைப் பிடிப்பதுபோல.

“முதல்ல திறந்தது இதுதான். திறந்தது மட்டுமா? மத்தவங்களுக்கும் அனுப்பி வெச்சிருக்கு.”

காராகோல் கிளையின் ஊழியர்கள் எல்லாரும் கிளை மேலாளர் ஒரோஸ்பெக்கின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது. தட்டில் பொரித்து வைத்திருந்த போர்சோக் பலகாரத்தை யாரும் தொடவில்லை.

அது ஒரு காப்பீட்டு நிறுவனம். வாடிக்கையாளர்களின் பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம் எல்லாம் மெயிலில் வரும். அந்த மெயிலை ஊழியர்கள் தங்கள் சொந்த போனில்தான் பார்த்தார்கள். அலுவலகத்துக்கென்று போன் வாங்கித் தர நிறுவனத்துக்கு மனம் வரவில்லை.

போன வாரம் எல்லாருக்கும் அந்த மெயிலில் ஒரு கல்யாண அழைப்பு வந்தது. அனுப்பியவர் பிஷ்கேக் தலைமை அலுவலகத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரி சல்தனத். பொய் அழைப்பு. யார் யார் ஏமாறுகிறார்கள் என்று பார்க்கும் சோதனை. இன்று அவரே நேரில் வந்திருந்தார்.

“எஜே, இந்தப் பொண்ணு இன்னும் நிரந்தரம் ஆகல. இன்னிக்கே அனுப்பிடலாம்,” என்றார் ஒரோஸ்பெக். கிளையில் எல்லாருக்கும் பைக்கேயாக, பெரிய அண்ணனாக இருந்தவர், தன்னைவிட இளைய சல்தனத்தைக் காலையிலிருந்து எஜே, எஜே என்று அக்காவாக்கிக்கொண்டிருந்தார்.

மீரிம் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த வேலையைக் காட்டித்தான் வீட்டில் பேசிய கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருந்தாள். வேலை போனால் கிராமத்தில் மாப்பிள்ளை தயாராக இருந்தான்.

“பைக்கே, கல்யாணத்துக்குக் கூப்பிட்டா திறக்காம எப்படி இருக்கிறது?” என்றாள் மெதுவாக. “நம்ம ஊர்ல திறக்காத மனுஷங்க இருக்காங்களா?”

“நீங்களும் திறந்திருக்கீங்களாமே, பைக்கே,” என்றார் முகவர் ஜிர்கால்.

“ஆபத்தா இல்லையான்னு பாக்கத் திறந்தேன்!”

“ரெண்டு தடவையா?” சல்தனத் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“முதல் தடவை எந்த மண்டபம்னு சரியாத் தெரியல.”

யாரோ டீக்குள் சிரித்தார்கள். ஒரோஸ்பெக்கின் காது சிவந்தது. மீரிமின் போனை மேசைமேல் போட்டார். அங்கே சோதனைக்காக எல்லாருடைய போனும் வரிசையாகக் கிடந்தது, அவருடையதும் சேர்த்து. சுவரிலிருந்து வந்த சார்ஜர் வயர் ஒன்று மட்டும் அவருடைய இழுப்பறைக்குள் போய் முடிந்தது.

“சிரிங்க, நல்லா சிரிங்க. குழந்தை போட்டோ, மாமியாரோட மருந்துச் சீட்டு, கம்பெனி ரகசியம், எல்லாம் ஒரே சாக்குல. போனா அது? சந்தை! திலேக்கைப் பாருங்க. இந்தக் கிளையிலேயே அவன் ஒருத்தன்தான் திறக்கல. உங்க எல்லாரையும்விட அவனுக்குச் சம்பளம் கூடப் போட்டேன்னு முணுமுணுத்தீங்களே, இப்ப புரியுதா?”

தலைமை அலுவலகம் கொடுத்தனுப்பிய கண்ணாடிக் கேடயம் மேசை நடுவில் இருந்தது. அதில் திலேக்கின் பெயர் பளபளத்தது.

“அவர் எங்கே?” என்றார் சல்தனத்.

“நாரின் பக்கம், மலைமேல. ஆட்டுமந்தைக் காப்பீடு. எப்பவும் வெளிவேலைதான் எஜே. உழைப்பாளி.”

“நானும் ரெண்டு வருஷமா அவரோட ஒரு டீ குடிக்கணும்னு பாக்குறேன்,” என்றார் ஜிர்கால். “நாம கூப்பிட்ட எந்தக் கல்யாணத்துக்கும் வரமாட்டேங்குறார்.”

“வேலை செய்றவனுக்கு நேரம் ஏது? உன்னை மாதிரியா?”

சல்தனத் திரையைக் கீழே தள்ளிப் பார்த்தார். “சம்பளத்தை ஏத்திட்டோம்னும் ஒரு மெயில் அனுப்பியிருந்தோம். அதையும் அவர் திறக்கல.”

“பாத்தீங்களா! ஆசையே இல்லாத மனுஷன்.”

“எங்க பாதுகாப்புச் செயலில பாத்தேன், அவர் போன் ஒரு நாள்கூட அணைஞ்சதில்ல. சார்ஜ் குறைஞ்சதும் இல்ல. மலைமேல சார்ஜுக்கு என்ன பண்றார்?”

“சூரியத் தகடு,” என்றார் ஒரோஸ்பெக் சட்டென்று. “சொன்னேனே, எல்லாத்துலயும் முன்யோசனை.” பிறகு மீரிம் பக்கம் திரும்பினார். “நீ எழுந்திரு. சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பு.”

மீரிம் எழுந்தாள். அவளுடைய கை பையைத் தேடியது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள்.

“ஒரு நிமிஷம் இரும்மா,” என்றார் சல்தனத். “இவளை அனுப்புறதுக்கு முன்னாடி அந்த உத்தமரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பாராட்டிடுறேன்.” தன் போனை எடுத்தார்.

“எஜே, அங்க சிக்னலே கிடையாது! சாயங்காலம் நானே சொல்லிடுறேனே.”

சல்தனத் எண்ணை அழுத்திவிட்டிருந்தார்.

எங்கோ கோமுஸ் தந்திகளை மீட்டும் ஒலி கேட்டது. எல்லாரும் மேசைமேல் கிடந்த தங்கள் போன்களைப் பார்த்தார்கள். எதுவும் ஒளிரவில்லை. ஒலி மரத்துக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாக இருந்தது.

ஒரோஸ்பெக் முழங்காலால் இழுப்பறையை அழுத்தினார். வயர் இடித்தது, அது மூடவில்லை. கோமுஸ் நிற்காமல் பாடியது.

சல்தனத் மீரிமின் போனை எடுத்து அவள் கையில் கொடுத்து, உட்காரும்படி கைகாட்டினார். கேடயத்தை ஒரோஸ்பெக்கின் பக்கம் நகர்த்தினார்.

“மூச்சு முட்டும், பாவம். திலேக்கை வெளிய விடுங்க, பைக்கே.”