மதியத்தில் மறையும் டிஸ்க்

"இந்த வீட்டுல யாரோ வேணும்னே பண்றாங்க" என்றார் பேராசிரியை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வந்த பெண் பையைக் கீழே வைத்தாள். மேசைக்கு அடியில் குனிந்து, வெளியே மாட்டியிருந்த ஹார்ட் டிஸ்க்கின் கேபிளை ஆட்டிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது.

தாவரவியல் துறையிலிருந்து ஓய்வு பெற்றபின் பேராசிரியைக்கு அந்த டிஸ்க்தான் உலகம். பத்தொன்பது வருஷமாகச் சேர்த்த பாசிப் படங்கள், பாதி எழுதிய புத்தகம், எல்லாம் அதற்குள். இரண்டு மாதமாக அது கண்ணாமூச்சி ஆடியது. காலையில் ஒழுங்காகத் திறக்கும். மதியம் படுத்து எழுந்து வந்தால், படிக்க முடியவில்லை என்று திரையில் வரும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். இன்று நாலு மணிக்கு நின்றது, அணைத்துப் போட்டும் வரவில்லை.

கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ்தான் கோளாறோ என்று கேட்டார். இல்லை, நடந்ததையெல்லாம் நேரம் போட்டு எழுதி வைப்பது அதன் நல்ல குணம் என்று சொல்லி, அந்தப் பெண் பதிவைத் திறந்து மெல்ல நகர்த்தினாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"மேடம், மதியம் எத்தனை மணிக்குப் படுப்பீங்க?"

"ரெண்டு மணிக்கு. ஏன்?"

"ரெண்டு இருபதுக்கு யாரோ டிஸ்கைக் கழட்டறாங்க. மூணு மணிக்குள்ள திரும்ப மாட்டிடறாங்க. ரெண்டு மாசமா, நேத்து வரைக்கும் தினமும். மறுபடி மாட்டும்போது லினக்ஸ் அதுக்கு வேற பேர் வச்சிடும். நீங்க திறந்து வச்ச புத்தகம் பழைய பேர்லயே தேடும். அதான் படிக்க முடியலைன்னு வருது."

அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது மாப்பிள்ளை மட்டும்தான். பஸ் டெப்போவில் மெக்கானிக், காலை ஷிப்ட் முடித்து ஒரு மணிக்கு வந்துவிடுவார். கல்லூரியில் பாடம் நடத்தும் மகள் இவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றதைப் பேராசிரியை இன்னும் மறக்கவில்லை. நாலு வருஷமாக அவரிடம் எது சொல்வதானாலும் மகள் வழியாகத்தான். இன்று நேரிலேயே கூப்பிட்டார்.

"என் டிஸ்கைத் தினமும் கழட்டினது நீங்கதானா?"

"ஆமா, அத்தை."

அவர் மறுக்காதது பேராசிரியையின் கோபத்தை இன்னும் கிளறியது. தன்மேல் இருக்கும் வஞ்சத்தைப் பத்தொன்பது வருஷ உழைப்பின்மேலா காட்டுவது என்று கேட்டார்.

ரிப்பேர்க்காரப் பெண் டிஸ்கைக் காதருகே வைத்துக் கேட்டாள்.

"மேடம், இன்னிக்கு யாரும் கழட்டலை. தானாவே நின்னிருக்கு. உள்ளே படிக்கிற முள் போயிடுச்சு. இதுலேர்ந்து இனி எதையும் எடுக்கிறது சந்தேகம்தான்."

பேராசிரியை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை வெளியே போய், மனைவியின் லேப்டாப்பையும் ஒரு சின்ன டிஸ்கையும் எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு மாசம் முன்னாடி இந்த ரூமைப் பெருக்க வந்தப்போ டிக் டிக்னு கேட்டுது, அத்தை. நல்லா ஓடற எதுவும் அப்படிச் சத்தம் போடாது. உங்க பொண்ணை உங்ககிட்ட சொல்லச் சொன்னேன். ஸ்பேனர் பிடிக்கிறவருக்கு கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டீங்களாம். அதான், நீங்க தூங்கறப்போ எடுத்துட்டுப் போய் காப்பி பண்ணி வச்சேன். திரும்ப மாட்டினா பேர் மாறும்னு எனக்குத் தெரியாது."

அந்தப் பெண் திறந்து பார்த்தாள். படங்கள் எல்லாம் இருந்தன. அத்தியாயங்களும் நேற்று மதியம் வரை எழுதியபடியே இருந்தன.

பேராசிரியை, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"இன்னிக்குக் காலையில எழுதின நாலு பக்கம்?"

"அது மட்டும் இல்லை, அத்தை." தன் தப்புப் போல அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னிக்கு நீங்க ரூமைப் பூட்டிட்டுத் தூங்கப் போயிட்டீங்க."