இரண்டாவது மாலை

நீடாமங்கலத்தில் சேவைச் சங்கத்தின் மாதக் கூட்டம். திருமண நாள் காணும் உறுப்பினர்களை மனைவியோடு மேடையேற்றி மாலை மாற்றிக்கொள்ளச் செய்வது வழக்கம். புதுச் செயலாளர் விவரம் தெரியாமல் போன வருஷப் பெயர்களையே மைக்கில் வாசிக்கிறார். "தியாகராசன் சார், கலைமகள் அம்மா, மேடைக்கு வாங்க." கைதட்டல் பாதியில் அடங்குகிறது. தை மாதம் கலைமகளின் பாடைக்குத் தோள்கொடுத்த நண்பர்கள் குனிந்து கைபேசியைப் பார்க்கிறார்கள். பந்தியில் இலை போடும் சத்தம் கேட்கிறது. செயலாளரைச் சங்கடப்படுத்த மனமில்லாமல் தியாகராசன் எழுந்து போகிறார். இரண்டு மாலைகளை அவர் கையில் கொடுத்துவிட்டுச் செயலாளர் அடுத்த பெயருக்குப் போகிறார். ஒன்றைத் தியாகராசன் தானே போட்டுக்கொள்கிறார். மற்றது ஈரம் சொட்டக் கையில் கனக்கிறது. மேடையில் வரிசையாக நிற்பவர்களைப் பார்த்துப் படம் எடுப்பவர் சொல்கிறார்: "எல்லாரும் ஜோடி ஜோடியா நெருங்கி நில்லுங்க." தியாகராசன் பக்கத்தில் ஓராள் நிற்க இடம் விட்டு, இடப்பக்கமாக ஓரடி நகர்ந்து நிற்கிறார்.