இடது காதுக்குக் கீழே

உளவியல் படிக்கும் மாணவிக்குப் பயிற்சியின் முதல் நாளே வேலை பிடித்துப்போயிற்று. குழந்தைகளுக்குச் சோதனை நடத்தும் மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை சொல்வதை அப்படியே எழுத வேண்டும். படத்தில் எது விடுபட்டிருக்கிறது என்று வாயால் சொன்னாலும் சரி, விரலால் காட்டினாலும் சரி, ஒரு மார்க்.

முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி, கதவுக்குக் கைப்பிடி இல்லை, பூனைக்கு ஒரு பக்கம் மீசை இல்லை என்று படபடவென்று சொல்லி முடித்தாள். பிறகு மாணவியின் இடது காதுக்குக் கீழே விரலை நீட்டிச் சிரித்தாள்.

"இந்த அக்காவுக்கும் இல்லையே!"

மாணவிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்து வந்த வாலுப் பையனும் அதே இடத்தைக் காட்டினான். அவனுக்கு அடுத்து வந்தவளும் காட்டினாள்.

இடைவேளையில் மாணவி கண்ணாடியில் பார்த்தாள். தோடு இருந்தது, மச்சம் இருந்தது, எல்லாம் வைத்தது வைத்தபடி இருப்பதாகத்தான் தெரிந்தது.

"மூணு வாண்டுகளும் சொல்லிவெச்ச மாதிரி என்னைக் கலாய்க்குதுங்க மேடம்" என்றாள்.

மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த இடத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கலகலவென்று சிரித்தார்.

"அட, ஆமா! வலது தோட்டுல தொங்குற குட்டி முத்து இந்தப் பக்கம் இல்லையே. சரியாத்தான் காட்டியிருக்குதுங்க. மூணு பேருக்கும் ஆளுக்கொரு மார்க் போட்டுடும்மா."