ஒரு மூச்சு வார்த்தை

நின்று நின்று அர்ச்சனாவுக்குக் கெண்டைக்கால் கடுத்தது. பிறந்த ஊரான காட்டூரில் நாற்று நட்ட கால்தான். ஆனால் சுடுமணலில் மீன்கூடையோடு கரைவலைக்குக் காத்திருப்பது, கல்யாணமான இந்த ஆறு வாரத்தில் பழகவில்லை.

வலைக் கயிற்றின் முன்னால் நின்று புருஷன் பூவரசன் பாட்டெடுத்தான்.

“வெள்ளிச்செதில்மினுமினுக்கக்குதிகுதிக்கும்மீன்சுமக்கும்கடலம்மா…”

“ஏலோ!” என்றது கயிறு பிடித்த கூட்டம்.

“இன்னாக்கா வார்த்தை இது? பொன்னேரி பஸ்ஸுக்கு நிக்கிற க்யூ மாதிரி முடியவே மாட்டேங்குது!” பக்கத்து வீட்டு லட்சுமியிடம் சிரித்தவள், அவனைப் பார்த்துக் கத்தினாள். “யோவ், வார்த்தைய வெட்டிப் பாடுய்யா! வலை கரைக்கு வர வாணாமா?”

கரையே சிரித்தது. பூவரசனுக்கு முகம் சுண்டியது.

“கடலம்மா!”

“ஏலோ!”

“கடலம்மா!”

மூன்றாவது ஏலோவில், கயிற்றில் நின்ற அவன் நைனா துளசிங்கம் மணலில் முழங்கால் குத்தி விழுந்தார்.

லட்சுமி அவள் காதோரம் சீறினாள். “ஏலோன்னாதான்டி இழுப்பாங்க. வார்த்தை முடியிறவரைக்கும் கைக்கு ஓய்வு. உம் மாமனாருக்குத் தோள் எறங்கி ஒரு மாசமாவுது. வூட்ல குந்துன்னா கேக்குற மனுசனா? அதான் உம் புருசன் மூச்சக் குடுத்து வார்த்தைய நீட்டிக்கினு கீறான். அத்தினி பேருக்கும் தெரியும். அவராண்ட மட்டும் எவனும் சொல்லல.”

“இன்னாடா பாத்துக்கினு கீற? பாடு!” என்று எழுந்தார் கிழவர்.

பூவரசன் அவளைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். முன்னதைவிட நீளமான வார்த்தை ஒன்று, கழுத்து நரம்பு புடைக்கப் புறப்பட்டது.

மன்னிப்பு கேட்க வாயெடுத்தவள், மாமனார் காதில் விழுமே என்று அடக்கிக்கொண்டாள்.

அந்த மன்னிப்பு அவனுக்கு இன்னும் பாக்கி.