களவுபோன குரல்

“குரல் போயிடுச்சு, வின்ஃப்ரீட். ஞாயித்துக்கிழமையிலேருந்து ஒரு சத்தமும் இல்ல,” என்றாள் கதவைத் திறந்த இர்ம்கார்ட்.

குரல் போனது அவள் கணவர் எக்பர்ட்டுக்கு அல்ல. அவர் உயிராக வைத்திருந்த பொம்மை நீராவி ரயில் எஞ்சினுக்கு.

“சாப்பாட்டைக்கூடத் தொடல. ‘எனக்கு நல்லா வேணும், எனக்கு நல்லா வேணும்’னு புலம்பிக்கிட்டே உக்காந்திருக்கார். இந்த வயசுல பொம்மைக்குத் துக்கம் கொண்டாடுற மனுஷனை எங்கயாவது பாத்திருக்கீங்களா? நீங்களாவது புத்தி சொல்லுங்க.”

புத்தி சொல்லவா வந்திருந்தார் வின்ஃப்ரீட்? அவருடைய கோட்டுப் பையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதற்குள் பஞ்சு சுற்றி, தபால்தலை அளவில் ஒரு சிப். எக்பர்ட்டின் எஞ்சினுக்கு மூச்சிரைப்பும் விசிலும் கொடுத்துவந்தது அதுதான்.

டிஜிட்டல் ஒலி வந்த புதிதில் செய்த அந்த வகை எஞ்சின், ஜெர்மனியின் உல்ம் நகரத்துப் பொம்மை ரயில் பிரியர்கள் சங்கத்தில் இவர்கள் இருவரிடம் மட்டும்தான் உண்டு. இன்றைய சிப்பைப் போட்டால் நிஜ ரயில் மாதிரியே கூவும்; ஆனால் சங்கத்தில் ஒருத்தர் திரும்பிப் பார்க்க மாட்டார். அந்தக் காலத்துத் தகர டப்பா இரைச்சல்தான் அவர்களுக்குச் சங்கீதம். வின்ஃப்ரீடின் எஞ்சினோ எப்போதோ கரகரத்து, பிறகு அடியோடு ஊமையாகிவிட்டது.

போன ஞாயிறு கேக் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார் எக்பர்ட். அவர் மாடியில் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், வின்ஃப்ரீட் இரண்டு திருகாணியைக் கழற்றிச் சிப்பை எடுத்துக்கொண்டு, தன்னுடைய செத்த சிப்பை உள்ளே வைத்துவிட்டார். வேலை சுத்தமாக முடிந்தது.

வீட்டில் எஞ்சினை ஓடவிட்டதும் மனைவி ஹெட்விக் ஈரக் கையோடு ஓடிவந்தாள். “அட! நம்ம எஞ்சினோட பழைய குரல் அப்படியே திரும்பிடுச்சே! எப்படிங்க சரி பண்ணினீங்க?”

அவள் முகத்து மகிழ்ச்சிதான் அவரைக் கொன்றது. சங்கத்தில் எல்லோருடைய எஞ்சினையும் வாங்கிப் போய் எண்ணெய் போட்டு, கைக்காசு செலவழித்து மோட்டாரில் தேய்ந்த பிரஷ் மாற்றித் தருகிறவன் எக்பர்ட். அப்படிப்பட்டவன் மடியிலேயே கை வைத்துவிட்டோமே! நாற்பது வருடச் சிநேகம் இன்றோடு போனாலும் போகட்டும், சொல்லிவிடுவதுதான் சரி என்று புறப்பட்டு வந்துவிட்டார்.

எக்பர்ட் நிலவறையில், ரயில் பாதைகளுக்கு நடுவே, எஞ்சினை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஷேவ் பண்ணாத முகம்.

“எக்பர்ட், என்னை அடிக்கணும்னா அடிச்சிடு,” என்று தீப்பெட்டியைத் திறந்து நீட்டினார் வின்ஃப்ரீட். “நான்தான்டா எடுத்தேன். நீ மேல போனப்ப மாத்திட்டேன். பாழாப்போன ஆசை! உன்னுது மட்டும் பாடுது, என்னுது வாயத் திறக்க மாட்டேங்குதேன்னு...”

எக்பர்ட் சிப்பை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பத் தீப்பெட்டிக்குள் வைத்து, வின்ஃப்ரீடின் கையிலேயே திணித்தார்.

“நீயே வச்சுக்கோ.”

“ஐயையோ, வேணாம்டா! பெருந்தன்மை காட்டியே என்னைச் சாகடிக்காத. நாலு வார்த்தை திட்டு, மனசு ஆறும்.”

“பெருந்தன்மையா? எனக்கா?” எக்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. “உன் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுத் தர்றேன்னு ஒரு தடவ எடுத்துட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அதுக்கென்ன இப்போ?”

எக்பர்ட் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அன்னைக்கு உன் எஞ்சின்லேருந்து நான் கழட்டினதுடா இது.”