பன்னிரண்டாவது கன்டெய்னர்

மென்பொருள்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் கன்டெய்னர்கள் அந்த சர்வரில் பதினொன்றுதான். காலையில் அதைப் பராமரிப்பவள் கட்டளை தட்டிப் பட்டியல் எடுத்தால், பன்னிரண்டு வந்தது. பெயரில்லாத அந்த ஒன்று முப்பத்து நான்கு வருடமாக ஓடுகிறதாம். சர்வர் வாங்கியதே போன வருடம். அவள் வயதுதான் முப்பத்து நான்கு.

நிறுத்தி அழித்தாள். கீபோர்டு இடுக்கில் ஒரு நகத்துண்டு கிடந்தது.

"யாருங்க இங்க உக்காந்து நகம் வெட்டுறது? கருமம்."

"உன் சீட்ல வேற யாரும்மா உக்காரப் போறா?" என்றார் பக்கத்து சீட்காரர்.

துடைத்துவிட்டுப் பார்த்தால் மறுபடி பன்னிரண்டு. அழித்தாள். இன்னொரு துண்டு, இம்முறை ஈரமாக. காகிதத்தால் எடுத்துக் குப்பையில் போட்டாள்.

மூன்றாம் முறை அழித்ததும் முழு நகமே கிடந்தது. காலையில் அவள் பூசிவந்த அதே பச்சை நெயில் பாலிஷ்.

அடுத்த கட்டளைக்காகக் கீபோர்டைத் தொட்டாள். நகம் படும் சத்தமே இல்லை; விரல்நுனி மெத்தென்று இருந்தது.